போத்தலில் குறைந்த சாறு

என் கணவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட வருடம்தான் எங்கள் வீட்டு மரங்கள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் காய்த்துத் தொலைத்தன. தொலைத்தன என்றுதான் சொல்வேன். ரம்புத்தான் கிளைகள் பாரம் தாங்காமல் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் துணிக்கொடி வரைக்கும் தொங்கின. இரண்டு மாமரங்களிலும் இலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொல்லையில் அன்னாசி. ஊர்ப் பெயரிலேயே அன்னாசி இருக்கிற பெக்கான் நானாஸில் அன்னாசி என்ன பெரிய விஷயம் என்பீர்கள். எங்கள் ஊர்க் கறுப்பு மண்ணில் அது தானாகவே வரும். ஆனாலும் அந்த வருடம் வந்ததுபோல் வந்ததில்லை.

எல்லாம் அவர் நட்டவை. அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் கொதிகலன் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மூடி போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மண்வெட்டியைத் தூக்கினார். ஒரு வாரத்து ஆசை, தானாக அடங்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அடங்கவில்லை. துணி காயப்போட எனக்கு இடம் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

அவருக்குச் சீனி வியாதி இல்லை, பிரஷர்தான். தலைச்சுற்றல் இருந்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் போடமாட்டார். அப்படியே போய், ஒருநாள் கால் வீங்கி, முகம் வீங்கி, பொந்தியான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது இரண்டும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடிந்ததும் வேன் வரும். இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விடுவார்கள். மத்தியானம் கசங்கிப்போய்த் திரும்பி வருவார்.

வியாதியைவிட அதன் சட்டதிட்டம்தான் எங்களைக் கொன்றது. சிறுநீர் கழியாத உடம்பில் குடித்த தண்ணீர் போக வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான். தேநீர், ரசம், மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலையில் அதை நிரப்பி அவர் முன்னால் வைப்பது என் வேலை. ரசம் ஊற்றினால் போத்தலிலிருந்து அந்த அளவைக் கொட்டிவிடுவேன். நாற்பது வருடம் இந்த மனிதருக்குச் சோறு போட்ட கையால் தண்ணீரை அளந்து வைக்க வேண்டி வந்ததே என்று எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியாது.

அப்புறம் பழம். பழத்தில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம், அது உடம்பில் சேர்ந்தால் நெஞ்சு நின்றுவிடுமாம். முன்வாசலில் ஒரு நட்சத்திரப் பழ மரம் வைத்திருந்தார். அதை வாயிலேயே வைக்கக்கூடாது, விஷம் என்று டாக்டர் சொன்னதும் அன்றைக்கே ஆளை அழைத்து வெட்டிப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மரங்களையும் பார்த்தார்.

"அதையெல்லாம் எப்ப வெட்டப் போற?" என்றார்.

காய்க்கிற மரத்தை எப்படி வெட்டுவது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், "ம்மா, பழத்த அக்கம்பக்கம் குடுத்துருங்க, வீட்டுல வைக்காதீங்க லா" என்பாள். கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ரம்புத்தான் இருக்கிறது. சீன அம்மாவுக்கு ஒரு கூடை கொண்டுபோனால், அவர் பதிலுக்கு ஒரு கூடை டுக்கு பழம் கொடுத்தனுப்புவார். போன பாரத்தைவிட வந்த பாரம் அதிகமாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த வழி ஊறுகாய் ஒன்றுதான். மாங்காய் கிடைத்தால் உப்பு, எலுமிச்சை கிடைத்தால் உப்பு. அந்த உப்பும் இப்போது வீட்டுக்குள் வரக்கூடாது. மரத்தடியில் விழுந்து ஈ மொய்க்கும் பழத்தைப் பெருக்கித் தள்ளும்போது, துடைப்பத்தை விட்டெறிந்துவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். நம் தமிழ்ப் பெண்தான். "பச்சையா பழம் வேணாம் ஆண்டி. டின் பழம், போத்தல் பழம்னா பரவால்ல. அந்தச் சத்து பாதி சாத்துக்குள்ள எறங்கிரும். சாத்தக் கொட்டிட்டு, பழம் மட்டும் ரெண்டு மூணு துண்டு அங்கிளுக்குக் குடுங்க. சாத்த மட்டும் குடுத்துராதீங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசினார். வியாதி வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டின்னுக்கு இயந்திரம் வேண்டும், ஆனால் கண்ணாடிப் போத்தலில் வீட்டிலேயே போடலாம், சீனித் தண்ணீர் இவ்வளவு, கொதி இவ்வளவு என்று கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னார். வேன் ஓட்டுகிற மலாய்க்காரத் தம்பிகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாளிலிருந்து என் அடுப்படி தொழிற்சாலை ஆகிவிட்டது. அவர் மேற்பார்வையாளர், நான் கூலி. ரொட்டியில் தடவும் காயா போத்தல், ஜாம் போத்தல், காப்பித்தூள் போத்தல் என்று வீட்டில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. பழைய மூடி ஆகாது என்று கேக் சாமான் விற்கும் கடையில் புது மூடி வாங்கி வரச் சொன்னார். தீபாவளிக்குக் கறி சமைக்கும் அண்டாவில் அடியில் துணி விரித்து, போத்தல்களை நிற்க வைத்து, கழுத்து முங்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவேன். அவர் மேசையருகில் உட்கார்ந்து அன்னாசியின் கண்களைச் சாய்வாகக் கீறி எடுப்பார். ரம்புத்தானின் கொட்டையைக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் ஓர் அன்னாசித் துண்டைச் செருகி வைப்பார். சாதாரண ரம்புத்தான் என்று கடித்தால் உள்ளே அன்னாசி. அதை எனக்குக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"சின்னப் புள்ளையா நீங்க?" என்பேன்.

"வாயில போட்டுட்டுப் பேசு" என்பார்.

போத்தல்களை வெளியே எடுத்து ஆற வைத்தால், ஆறுகிறபோது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு டொக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் போத்தல் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தாலும், அவர் படுத்துக்கொண்டிருந்தாலும், டொக் என்று கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். சாயங்காலம் ஒரு போத்தலைத் திறந்து, சாற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டு, இரண்டு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொடுப்பேன். அதை அவர் சாப்பிடும் நேரம்தான் எங்கள் இருவருக்கும் நாளிலேயே நல்ல நேரம். அவர் பிழைத்துவிடுவார் என்று நான் நம்பியது அந்த நாட்களில்தான்.

பின்னறையில் அலமாரி முழுக்கப் போத்தல் நிறைந்தது. பிறகு ஒருநாள் பார்க்கிறேன், பின்வரிசையில் ஒன்றில் சாறு பாதிதான் இருக்கிறது. மேலே இருந்த பழமெல்லாம் காய்ந்து சுருங்கியிருந்தது. மூடியை அழுத்தினால் உள்ளே போய் வெளியே வந்தது. பிடிப்பு விட்டிருந்தது. பக்கத்திலும் ஒன்று அப்படியே.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொதிக்கிற தண்ணியிலேருந்து சட்டுனு வெளிய எடுத்துட்ட. அதான் சாத்த வெளிய தள்ளிருச்சு. அடுப்ப அணைச்சிட்டு அண்டாவுக்குள்ளேயே ஆற வை" என்றார். அவர் செய்த வேலை, அவருக்குத் தெரியாதா. அடுத்த முறை அண்டாவிலேயே ஆற வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் சில போத்தல்களில் குறைந்திருந்தது. "பழம் சாத்த இழுத்துக்கும்" என்றார். சரி என்று பழத்தைக் கொஞ்சம் வதக்கிப் போட்டேன். அப்புறமும் குறைந்தது. "மூடி மட்டமான மூடி" என்றார். பொந்தியான் போய் வேறு மூடி வாங்கி வந்தேன். பிடிப்பு விட்ட போத்தலில் பழம் நுரைத்துப் புளித்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையெல்லாம் கொட்டுவேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து நான் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே சமயத்தில் டயாலிசிஸ் நிலையத்தில் எடை பார்க்கும் தாதி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், முகம் சுளிக்க ஆரம்பித்தாள். "ஆயேர் பாஞாக் நாயெக், அங்கிள்" என்று மலாயில் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். உடம்பில் தண்ணீர் நிறைய ஏறியிருக்கிறதாம். நான் அளந்துதானே தருகிறேன் என்பேன். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள், நம்பமாட்டாள். வீட்டுக்கு வந்து நான் சோற்றைச் சந்தேகப்பட்டேன், வேகவைத்துப் பிழிந்த கீரையைச் சந்தேகப்பட்டேன், குழம்பு நீர்க்க இருக்கிறதோ என்று வற்ற வைத்து வற்ற வைத்துப் பசையாக்கினேன். அவர் குளிக்கப் போனால் குழாய்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். பின்னறை ஞாபகமே எனக்கு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை என்று திரும்பிவிட்டேன். கூரையில் மழை விழும் சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. சுவரைப் பார்த்து நின்றிருந்தார். போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். பழம் வாயில் விழாமல் பல்லால் தடுத்துக்கொண்டு, சாற்றை மட்டும் உறிஞ்சினார். பனியனில் ஒழுகியது. நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடியும் வாய் வைத்தார். குடித்து முடித்ததும் மூடியை இறுக்கித் திருகி, பின்வரிசையில் வைத்துவிட்டு, முன்வரிசைப் போத்தலை நகர்த்தி அதை மறைத்தார்.

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். பேருந்தில் சில்லறை தரவில்லை என்றால்கூட விடமாட்டேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சத்தமில்லாமல் முன்வாசலுக்குப் போய், மழையில் நின்று, கேட்டைத் தடதடவென்று ஆட்டிவிட்டு அப்போதுதான் வந்தவள்போல் உள்ளே வந்தேன். அவர் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். "நனஞ்சிட்டியே" என்று துண்டை எடுத்து நீட்டினார்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "ஏங்க, போத்தல்ல சாறு எப்படிக் கொறையுதுன்னு நான் பாத்துட்டேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ தண்ணியத்தான அளந்து வைக்கிற" என்றார். "அத யாரும் அளக்கலியே."

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நெஞ்சு நின்னுரும்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சா இல்லியா? நீங்களும் பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க? மூடி சரியில்ல, கொதி சரியில்லன்னு என்னைய பொந்தியானுக்கு அலைய விட்டீங்களே. செத்துப் போவீங்க, தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"ஒனக்குத் தாகம்னா என்னான்னு தெரியாது. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிச்சிர்ற. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிது. தூங்கினா கனவுல குடிக்கிறேன். எழுந்திரிச்சா வாய் காஞ்சு கெடக்குது." குரலை உயர்த்தாமலேதான் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவரே கழுவி வைத்தார். கழுவும்போது குழாயைச் சன்னமாகத் திறந்துகொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாகம் என்றால் என்ன, பார்த்துவிடுகிறேன் என்று அடுத்த நாள் அவருக்கு வைத்த அளவே எனக்கும் ஒரு போத்தலில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில். பதினொரு மணிக்கெல்லாம் என் போத்தல் காலி. அப்புறம் என் காதில் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் விழவில்லை. சீன அம்மா செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுகூடக் கேட்டது. முகம் கழுவலாம் என்று குளியலறைக்குப் போனவள், எப்போது வாயைக் குழாயில் வைத்தேன் என்றே தெரியாது, வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவருக்கு இது தினமும். சாகிறவரைக்கும். அதற்குப் பிறகு அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. திட்டாமல் விட்டால் செத்துப்போவார் என்பதும் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

போத்தல்கள் வீட்டில் இருந்தால்தானே என்று மகளைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை காரில் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னாள். அதுவரைக்கும் பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். ஆனால் அந்த வாரம் போட்ட போத்தல்கள் அடுப்படி மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தன. மரம் காய்ப்பதை நிறுத்தினால்தானே நான் போடுவதை நிறுத்த. எத்தனை அறையைப் பூட்டுவது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை என்று கையால் காட்டினார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சீன அம்மாவின் மகன் காரை எடுத்தான். நுரையீரலில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்றார்கள். முகத்தில் குழாய் மாட்டி, உடனே இயந்திரத்தில் போட்டார்கள். கிட்டத்தட்ட மூழ்கிப்போன நிலை என்று அந்த இளவயது டாக்டர் சொன்னார். பிறகு, "ஆண்டி, நீங்கதான கவனமா பாத்துக்கணும்" என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சேதி கேட்டு அன்றைக்கே ஓடி வந்த மகள் என் பக்கத்தில் நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீரில்லாமல் தவித்த மனிதர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறாரே, இதில் நான் எந்தப் பக்கம் போய்ப் பிடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்து வந்தார். மகள் போத்தல்களைக் கொண்டுபோனாள், மாமரங்களில் ஒன்றை வெட்டச் சொன்னாள், வெட்டினோம். அதன் பிறகு அவர் ரொம்ப நல்ல நோயாளி ஆகிவிட்டார். காலையில் வைத்த போத்தலில் சாயங்காலம் தண்ணீர் மிச்சம் இருந்தது. எடை ஏறவில்லை. "பாகுஸ் லா, அங்கிள்" என்று மிஸ்ஸி மெச்சிச் சிரித்தாள். என்னிடமும், இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அவராகவே கேட்பதை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டுமா, பேச்சும் குறைந்தது. கொல்லைப் பக்கம் போவதில்லை. அன்னாசியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால், சொன்னால் வெட்டுவார், சொல்லாவிட்டால் அது அப்படியே கிடக்கும். திருடிக் குடித்த நாட்களில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

மறுபடியும் ரம்புத்தான் பழுத்தது. தெருவில் யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. நான் தனியாகவே போத்தலில் போட்டேன். மூடி ஒன்றும் விடவில்லை, சாறும் ஒன்றில்கூடக் குறையவில்லை. பின்னறையை நான் பூட்டுவதும் இல்லை.

போன வாரம், வெயில் தகித்த ஒரு மத்தியானம், எனக்கே தாங்கவில்லை. ஒரு போத்தலைத் திறந்து, சாற்றைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினேன். அவருடைய போத்தல் தண்ணீரிலிருந்து அந்த அளவைக் கீழே கொட்டிவிட்டேன். வடித்த சாறு விஷம் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் டயாலிசிஸ் இருக்கிறது, ஒரு வாய்தானே, எது வந்தாலும் என் தலையில் வரட்டும் என்று அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"குடிங்க. நானே குடுக்கறேன்."

கிண்ணத்தைப் பார்த்தார். தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. "வேணாம்மா" என்றார். "ஒரு வாய் குடிச்சா இன்னும் கேக்கும். அப்பறம் அத அடக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

எடுத்துக்கொண்டு போகத் திரும்பினேன். "கொட்டாத" என்றார். "இங்க ஒக்காந்து நீ குடி."

"எனக்கெதுக்கு?"

"குடியேன். நான் பாக்கறேன்."

அவருக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

"மெதுவா குடி" என்றார்.